எந்தக் காலால் மிதித்தாய்?

இல்லை, நான் அவனைத் தள்ளிவிடவில்லை. குளத்தில் விழுந்தான், உண்மை. அது வாத்துக் குளம், அதுவும் உண்மை. தலையில் பாசியோடு எழுந்து நின்றான், அதை மார்ஷ்கோட் கிராமமே பார்த்தது, மறைக்க முடியாது. ஆனால் கப்பலிலிருந்து மூன்றே சொல்லில் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறாயே, “அவரைத் தள்ளினியா நீ?” என்று, அதில் ‘அவர்’ அவனுக்கு, ‘நீ’ எனக்கு. அந்த இடத்திலேயே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. கூடப் பிறந்தவன் நான். அவன் ஈஸ்டருக்கு வந்தவன்.

சரி, முறைப்படி எழுதுகிறேன். வடகடலில் மிதந்துகொண்டிருக்கும் என் ஒரே அக்கா இம்மோஜெனுக்கு, தம்பி ஜெத்ரோ எழுதுவது. அம்மா நலம். வில்ஃப் மாமா நலம். மாமாவுக்கு வைத்த புது முழங்கால் அவரைவிட நலம். நம் நாய் பிஸ்கட்டும் நலம். உன் வருங்காலக் கணவன் கிரிஸ்பின் மிக மிக நலம், அவ்வளவு அழுக்குத் தண்ணீரைக் குடித்தும் ஒரு தும்மல்கூட இல்லை. நான் நலமில்லை. உன் நலத்தையும், அந்தக் கப்பலில் உன் சமையலைச் சாப்பிடும் நாற்பது பேரின் நலத்தையும் அறிய ஆவல். வியாழக்கிழமை சாமான் படகில் இந்தக் கடிதம் உனக்கு வந்து சேரும். உட்கார்ந்து படி. படித்து முடித்ததும் அவனோடு கல்யாணம் வேண்டாம் என்று ஒரு வரி எழுதி அதே படகில் திருப்பி அனுப்பு. நான் கேட்பது அவ்வளவுதான்.

நீ ஊரில் இல்லாததால் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். ஆகஸ்ட் முதல் ஞாயிறு மதியச் சாப்பாடு. மேசையில் மாட்டிறைச்சி, குழம்பு, அம்மா சுட்ட யார்க்‌ஷயர் புட்டிங். பெரிய புட்டிங் அவன் தட்டுக்குப் போனது. அதை நான் கவனித்தேன், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை, என் பெருந்தன்மையைக் குறித்துக்கொள். அப்போதுதான் மாமா கத்தியை வைத்துவிட்டு, வெண்கலத் தொண்டையால் அறிவித்தார்: “செப்டம்பர்ல வார்ட்லோவ கிரிஸ்பின் தம்பி ஓட்டுவாரு.”

நான் முள்கரண்டியைத் தட்டில் போட்டேன். அக்கா, அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருடத்து வார்ட்லோ ஐந்நூறு மோட்டார் சைக்கிள். நான் காலேஜை விட்டு வந்ததே அதற்காகத்தான். இரண்டாவது பருவத்தில், வகுப்பில், பலகையில் ஒரு என்ஜினைக் குறுக்கே வெட்டி வரைந்து காட்டினார்கள். இதைப் படத்தில் பார்ப்பானேன், வீட்டில்தான் முழுசாக இருக்கிறதே என்று எழுந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து மூன்று வருடம் மாமாவின் கொட்டகையில் கிடக்கிறேன். ஒவ்வொரு செப்டம்பரும் “இந்தத் தடவை நான் ஓட்டட்டுமா மாமா” என்று கேட்பேன். “பாக்கலாம்” என்பார். இந்த வருடம் அவருக்கு முழங்கால் மாற்றியாயிற்று, அவரால் ஓட்ட முடியாது, இனி நான்தான் என்று எழுதாத குறையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

“யாரு, இந்த மாட்டு டாக்டரா?” என்றேன்.

“ஆமா.”

“மாமா, மூணு வருஷமா அதுக்கு எண்ணெய் மாத்தினது யாரு?”

“நீதான்.”

“செயினக் கழட்டி மண்ணெண்ணெயில ஊறப்போட்டது?”

“நீதான். அதுக்கு? குதிரைக்குப் பல்லு வெளக்கி விட்டவனெல்லாம் மேல ஏறிக்கணுமா?”

உன் ஆள் அப்போது வாயைத் துடைத்துக்கொண்டு, “எனக்கு எதுக்குங்க, மச்சானே ஓட்டட்டுமே” என்றான். கல்யாணம் ஆக இன்னும் எட்டு மாதம் இருக்கிறது, அதற்குள் மச்சான்! விட்டுக்கொடுக்கிறானாம். எனக்குச் சேரவேண்டியதை எனக்கே தானம் பண்ணுகிறான்.

“நீங்க சாப்பிடுங்க தம்பி” என்று மாமா அவனிடம் தேன் ஒழுகச் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார். “டேய் மறை கழண்டவனே. நீ வேகமாப் போவ. எனக்குத் தெரியும். அவரு வீட்டுக்குக் கொண்டு வந்து சேப்பாரு. எனக்கு அந்தக் கெட்டில் வேணும்டா.”

கெட்டில் விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் எழுதி வைக்கிறேன், நாளைக்கு யாராவது வழக்கென்று வந்தால் உதவும். செப்டம்பரில் நம் பழைய மோட்டார் சைக்கிள் சங்கத்துப் பந்தயம். வண்டியை வேனில் ஏற்றிக்கொண்டு போகக்கூடாது. வீட்டிலிருந்து ரோட்டிலேயே ஓட்டிக்கொண்டு ஹாக்ஸ்பி டிராக்குக்குப் போகவேண்டும். அங்கே விளக்கையும் ஸ்டாண்டையும் கழற்றிவிட்டு எட்டுச் சுற்று ஓட்டவேண்டும். மறுபடியும் எல்லாவற்றையும் மாட்டி, அதே வண்டியை ரோட்டில் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். வந்ததும் அடுப்பில் நம் கெட்டிலை வைத்து, அது விசிலடிக்கும் சத்தத்தைச் சங்கத்துச் செயலாளர் மாரீன் அம்மாள் வீட்டுப் போன் வழியாகக் காதால் கேட்கவேண்டும். செல்போன் அவளிடம் செல்லாது. டிராக்கில் யார் முன்னால் வந்தானோ அவன் அல்ல, முன்னால் வந்தவர்களில் வீடு போய்ச் சேர்ந்தவன் எவனோ அவனுக்குத்தான் பரிசு. பரிசு என்ன? மூக்கு நசுங்கிய ஓர் அலுமினிய கெட்டில். மாமா முப்பது வருடத்தில் ஏழு தடவை முதலாவதாக வந்தார். ஏழு தடவையும் வண்டி பாதி வழியில் படுத்துவிட்டது. ஒரு தடவை நம் வீட்டு வாசலிலேயே படுத்தது. அன்று அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுததை நீயும் நானும் ஜன்னலிலிருந்து பார்த்தோம்.

அப்புறம் மூன்று வாரம், உன் டாக்டருக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. சொல்லிக்கொடுத்தேன். பெட்ரோல் குழாயைத் திற, கார்புரேட்டரின் குமிழை விரல் நனையும்வரை அழுத்து, தீப்பொறி நெம்புகோலைப் பின்னுக்குத் தள்ளு, கிக்கரை மெதுவாக அமுக்கி இறுக்கமான இடத்தைக் கண்டுபிடி, அப்புறம் மேலேயிருந்து மொத்த உடம்பையும் போட்டு மிதி. நெம்புகோலை மறந்தால் கிக்கர் திருப்பி உதைக்கும். எனக்கு அந்த உதையில் ஒரு மாதம் நொண்டி. அவனுக்கு? முதல் மிதியிலேயே கிளம்பிவிட்டது. “பசுவுக்குப் பிரசவம் பாக்குற மாதிரிதான் மச்சான், அதுபாட்டுக்கு வர்ற நேரம் பாத்து ஒரு தள்ளு தள்ளினாப் போதும்” என்றான். கேட்கவே காது கூசுகிறது. அந்த வண்டி மூன்று வருடம் என்னை உதைத்துவிட்டு அவனைப் பார்த்ததும் பூனைபோல உறுமுகிறது. நாய் பிஸ்கட்கூட அப்படித்தான். தபால்காரன் தொடங்கி பாதிரியார்வரை கடித்த நாய், இவன் மடியில் மல்லாந்து கிடக்கிறது. நாயையாவது மன்னிப்பேன். வார்ட்லோவை எப்படி மன்னிப்பது?

கால் விஷயமும் சொல்லிக்கொடுத்தேன். இது முக்கியம், கவனி. பழைய வண்டியில் வலது காலுக்கு கியர், இடது காலுக்கு பிரேக். இந்தக் காலத்து வண்டி எல்லாவற்றிலும் அதற்கு நேர்மாறு, இடது கியர், வலது பிரேக். பழசிலிருந்து புதுசுக்கும் புதுசிலிருந்து பழசுக்கும் மாறி மாறி ஏறுகிறவன், ஏறும்போதெல்லாம் காலிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்கவேண்டும். இல்லையென்றால் கால் தன் இஷ்டத்துக்கு மிதிக்கும். இதையெல்லாம் நேர்மையாகச் சொன்னேன். கடைசியில், “வேற ஏதாவது தெரிஞ்சுக்கணுமா மச்சான்?” என்று கேட்டான். “இல்ல” என்றேன்.

ஒன்றே ஒன்றுதான் சொல்லவில்லை. வார்ட்லோ சூடாக இருக்கும்போது என்ஜினை அணைத்தால், முழுசாக ஆறும்வரை திரும்பக் கிளம்பாது. ஒரு மணி நேரம் தலைகீழாக நின்றாலும் கிளம்பாது. அதைச் சொல்ல மறந்துவிட்டேன். மறக்கவில்லை. சொல்லவில்லை. நீ அக்கா, உன்னிடம் ஏன் பொய். எங்கேயாவது நடுவழியில் அணைத்துவிட்டு, பாவமாக நிற்கட்டும், மாமா அதைப் பார்க்கட்டும் என்று ஒரு சின்ன ஆசை. அவ்வளவுதான். இதற்குப் போய்க் கொலைகாரனைப் பார்க்கிற மாதிரி பார்க்காதே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் தெரிந்துவிட்டது. அந்த மூன்று வாரமும் தினம் காலை ஐந்தரை மணிக்கு, மாமா எழுவதற்கு முன், வார்ட்லோவைத் தெருக்கோடிவரை தள்ளிக்கொண்டு போய், அங்கே கிளப்பி, கடற்கரை ரோட்டில் பன்னிரண்டு மைல் ஓட்டிவிட்டு, துடைத்து, இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்துவிடுவேன். மாமா எட்டு மணிக்கு வந்து என்ஜினைத் தொட்டுப் பார்த்து, “இன்னிக்கு வெயில் அதிகம், வண்டி சுடுது” என்பார். லிங்கன்ஷயரில், காலை எட்டு மணிக்கு, வெயில்! நான் தலையாட்டுவேன்.

பந்தயத்தன்று காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். அவன் வார்ட்லோவில் முன்னால். நான் என் ஜப்பான் வண்டியில், முதுகில் ஸ்பேனர் மூட்டையோடு பின்னால். இருபத்திரண்டு மைல். அக்கா, பழைய வண்டியின் சத்தம் கேட்டால் நம் ஊர் ஜனங்களுக்கு என்ன ஆகிறதென்றே தெரியவில்லை. படுக்கையறை ஜன்னல்கள் திறக்கின்றன. இரவு உடையோடு வாசலுக்கு வந்து கையாட்டுகிறார்கள். இவனும் ராஜா மாதிரி எல்லோருக்கும் கையாட்டுகிறான். பின்னால் வரும் எனக்கு ஒருவன்கூடக் கையாட்டவில்லை. ரயில்வே கேட்டில் நிற்கும்போது ஒரு பெரியவர் ஓடி வந்து, “எங்கப்பா இதே வண்டிதான் வச்சிருந்தாரு” என்று கண்கலங்கி, அவன் கையில் ஒரு பை நிறைய பிளம்ஸ் பழத்தைத் திணித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “நீ கொஞ்சம் தள்ளி நில்லுப்பா, போட்டோல விழற” என்றார். கேட் மூடி ஏழு நிமிடம். நான் காத்திருந்தேன். அணைப்பான், அணைப்பான் என்று. அணைக்கவில்லை. பிளம்ஸைத் தின்றுகொண்டு, என்ஜினை மெல்ல முறுக்கிக்கொண்டே நின்றான். வெறும் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

டிராக்கில் மாரீன் அம்மாள். உனக்குத் தெரியும், அவள் டார்ச்சும் கையுமாக வண்டிக்கு அடியில் படுத்தால் எவனாவது ஒருவன் அழாமல் போகமாட்டான். எண்ணெய் மூடியைக் கம்பியால் கட்டவேண்டும் என்பது சட்டம். அதை அன்று காலை கட்ட மறந்தது நான்தான், வேண்டுமென்றே இல்லை, இது சத்தியமாக மறதி. போன வருடம் ஒருத்தனை இதற்காகவே வீட்டுக்கு அனுப்பினாள். இவனைப் பார்த்து என்ன சொன்னாள் தெரியுமா? “முதல் தடவையாப்பா? இரு, நானே கட்டி விடுறேன்.” தன் சொந்தக் குறடால் கட்டினாள்! கட்டிக்கொண்டே, “சூடா இருக்கறப்ப அணைச்சிடாத கண்ணு, இந்த வார்ட்லோவுக்கு அது ஆகாது. ரயில்வே கேட்டுல பாத்தேன், நல்லவேளை அணைக்கல” என்றாள்.

“மச்சான் அதைச் சொல்லலியே” என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “ஆமாங்க, மச்சான் சொல்லியிருக்காரு” என்றான். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. இப்படிப்பட்ட ஆளோடு எப்படி ஒரே வீட்டில் குடித்தனம் பண்ணப்போகிறாய்? எரிச்சலில் வெந்துபோவாய்.

பந்தயத்தைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. நன்றாக ஆறி அணைந்திருக்கும் என்ஜினோடு ஓடித் தள்ளி, பக்கவாட்டில் தாவி உட்கார்ந்து, கிளட்ச்சை விட்டுக் கிளப்பவேண்டும். கிளப்பினான். கடைசி ஆளாகப் போனான். எட்டுச் சுற்றும் ஒரே வேகம். மடியில் முட்டைக் கூடை வைத்துக்கொண்டு போகிறவன்போலப் போனான். நான் சுவரோரம் பலகையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அதில் ‘இன்னும் வேகம்’ என்று எழுதிக் காட்டினேன், அவன் கையாட்டினான்! வளைவுகளில் எங்கே முறுக்கவேண்டும், எங்கே உடம்பை ஒடுக்கவேண்டும் என்று என் கைகால் எல்லாம் சுவரோரம் தானாக ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற யாரோ ஓர் அம்மாள் “கழிப்பறை அந்தப் பக்கம் தம்பி” என்றாள். இவனுக்கு முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். ஒருவனுக்குச் செயின் அறுந்தது, ஒருவனுக்கு எண்ணெய் கொட்டியது, இரண்டு பேர் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே வைக்கோல் பொதிக்குள் போனார்கள். ஒன்றும் செய்யாமலே நம்மாள் நான்காவது.

நான்காவது ஆயிற்றே, போதும், நமக்குக் கெட்டில் இல்லை என்று நிம்மதியாக இருந்தேன். முதலாவது வந்தவன் வண்டி டிராக் வாசலைத் தாண்டவில்லை. இரண்டாவது வந்தவனின் வேன் பக்கத்து வயலில் மறைத்து வைக்கப்பட்டிருந்ததை மாரீன் கண்டுபிடித்துவிட்டாள். மூன்றாமவன் அதே ரயில்வே கேட்டில் என்ஜினை அணைத்துவிட்டு, நாங்கள் கடந்தபோது கிக்கரை மிதித்து மிதித்துத் தரையில் உட்கார்ந்திருந்தான். கிரிஸ்பின் அவனுக்கு மீதிப் பிளம்ஸைக் கொடுத்துவிட்டு வந்தான். ஆக, வீடு போய்ச் சேர்ந்தால் முப்பது வருடக் கெட்டில் உன் டாக்டருக்கு. நான் பின்னால் வந்துகொண்டே, பிளக்கே அடைத்துக்கொள், டயரே வெடித்துவிடு என்று வேண்டிக்கொண்டு வந்தேன். கோயிலில்கூட நான் இவ்வளவு மனம் ஒன்றி வேண்டியதில்லை.

இப்போது குளம்.

மார்ஷ்கோட் திருப்பத்தில், நம் வீட்டுக்கு இரண்டு மைல் இருக்கும்போது, ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது ஒரு வாத்துக் குடும்பம். எந்த மனிதனும் ஹாரன் அடிப்பான். இவன் வண்டியை நிறுத்தி, என்ஜின் ஓட ஓட ஸ்டாண்டு போட்டு, இறங்கி, நொண்டிக்கொண்டிருந்த ஒரு குஞ்சைக் கையில் எடுத்துக் குளத்தோரம் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தான். நான் திருப்பத்தில் வருகிறேன். வேகம் கொஞ்சம் அதிகம், ஒத்துக்கொள்கிறேன், வேண்டுதலில் இருந்தேன். திடீரென்று எதிரே நடுரோட்டில் வார்ட்லோ. பிரேக்கை மிதித்தேன். முழு பலத்தோடு மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. அலறிக்கொண்டு ஒரு துள்ளு துள்ளியது, அவ்வளவுதான். அரை நொடி. இந்தப் பக்கம் வார்ட்லோ. அந்தப் பக்கம் கிரிஸ்பின். நடுவில் வேறு வழி கிடையாது. அக்கா, ஐம்பத்தெட்டாம் வருடத்து டேங்க், மாமா கையால் கோடு போட்டது. நம் வீட்டில் யாராக இருந்தாலும் அதே பக்கம்தான் திருப்பியிருப்பார்கள். நீயும்தான். மனசாட்சியைத் தொட்டுச் சொல்.

என் தோள் அவன்மேல் பட்டது. பட்டது, தள்ளவில்லை. அவன் குளத்தில். என் வண்டி நாணலில். நான் சேற்றில். வாத்துகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இடுப்பளவு தண்ணீரில் எழுந்தான். தலையில் பச்சைப் பாசி. கையை உயர்த்தினான், என்னைத் திட்டப்போகிறான், நானும் பதிலுக்குத் திட்டலாம், ஈஸ்டரிலிருந்து சேர்த்து வைத்திருக்கிறேன் என்று எழுந்தேன். அவன் கத்தினான்: “வண்டி ஓடிட்டிருக்கு! பெட்ரோல் தீரப்போகுது! எடுத்துட்டுப் போ மச்சான், நீ போ!”

“நீ?”

“நான் சேத்துலேந்து ஏறி நடந்து வரேன்! போடா!”

போனேன். இரண்டு மைல், பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க. ஜன்னல்கள் திறந்தன. கையாட்டினார்கள், எனக்கு, எனக்குத்தான். ஒருவனுக்கும் நான் திருப்பிக் கையாட்டவில்லை, இரண்டு கையாலும் ஹேண்டில்பாரை விடாமல் பிடித்திருந்தேன். வாசலில் மாமா ஊன்றுகோலோடு நின்றார். அம்மா கெட்டிலை வைத்தாள். மாமா மாரீனுக்குப் போன் போட்டார். விசில் ஊதியது. மறுமுனையில் மாரீன், “கேக்குது வில்ஃப். கடைசில கேட்டுடுச்சு” என்றாள். மாமா போனை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அவரு எங்க?”

“குளத்துல.”

“வண்டிக்கு?”

“ஒண்ணுமில்ல.”

“அப்ப சரி. சொல்லு.”

சொன்னேன். வாத்து, திருப்பம், பிரேக் பிடிக்கவில்லை, எல்லாம். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டவர், ஆறிப்போன டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்.

“எந்தக் காலால மிதிச்ச?”

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அடுப்பில் கெட்டில் இன்னும் ஊதிக்கொண்டிருந்தது, யாரும் அணைக்கவில்லை.

“இடது” என்றேன்.

“இடது காலு.” கோப்பையை வைத்தார். “ஒன் வண்டியில இடது காலுக்குக் கியர்தானடா இருக்கு? பிரேக் எங்க இருக்கு?”

“வலதுல.”

“எந்த வண்டியில இடது காலுக்கு பிரேக்கு?”

வாசலில் நின்ற வார்ட்லோவைக் கை காட்டினேன்.

“எத்தன நாளா?”

“மூணு வாரமா.”

“வெயிலுன்னு நெனச்சேன்டா!” என்று ஆரம்பித்தார் பார், முழுசாக ஒரு மணி நேரம். மறை கழண்டவனே, துரு பிடிச்சவனே, வாஷர் இல்லாத போல்ட்டே. நான் பிறந்தபோது மருத்துவமனைக்குப் போகும் வழியில் அவர் வண்டி பஞ்சரானதிலிருந்து எடுத்தார். எழுபத்து நான்காம் வருடம் மழையில் அவர் எப்படி ஒரு கியரை வைத்துக்கொண்டு வீடு வந்தார் என்பதில் வந்து நின்றார். அந்த நேரம் பார்த்து கதவைத் திறந்துகொண்டு, பூட்ஸில் தண்ணீர் சளக் சளக்கென்று உன் டாக்டர். மாமா சட்டென்று குரலை மாற்றி, “வாங்க தம்பி. துண்டு தரட்டுமா? டீ சாப்பிடுறீங்களா?” என்றார்.

அவன் என்ன செய்தான் தெரியுமா? என்னிடம் மன்னிப்புக் கேட்டான். “தப்பு என்மேலதான் மச்சான், நடுரோட்டுல நிறுத்தியிருக்கக்கூடாது” என்றான். என்னால் தாங்க முடியவில்லை. ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் அவனோடு சிநேகமாகியிருப்பேன்.

ஆகவே அக்கா, யோசித்துப் பார். வண்டியைப் பிடுங்கினான், நாயைப் பிடுங்கினான், புட்டிங்கைப் பிடுங்கினான், மாரீனைப் பிடுங்கினான், ஊர் ஜன்னல்களையெல்லாம் பிடுங்கினான். கோபமும் படமாட்டேன் என்கிறான். எனக்கு மிச்சம் என்ன? அவனை வேண்டாமென்று எழுது. கப்பலில் நல்ல பையன்கள் இருப்பார்கள். மோட்டார் சைக்கிள் என்றால் பயப்படுகிற ஒருவனாகப் பார்.

அம்மா உனக்குக் கம்பளிச் சாக்ஸ் மூன்று ஜோடி இதோடு அனுப்புகிறாள். உன் அடுப்பு ஆடாமல் இருக்கட்டும், கடல் உன்னைத் தொந்தரவு பண்ணாமல் இருக்கட்டும், உன் சூப்பைக் குடித்தவர்கள் யாரும் புகார் எழுதாமல் இருக்கட்டும்.

எல்லாம் பறிகொடுத்த உன் தம்பி,
ஜெத்ரோ

பின்குறிப்பு: இது புதன்கிழமை காலை எழுதுவது. உறையை ஒட்டுவதற்கு முன் ஒரு சின்னத் திருத்தம். மேலே கல்யாணம் வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன் பார், அதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். நேற்று மாரீன் கெட்டிலோடு வந்தாள். யார் பேரைப் பொறிப்பது என்று கேட்டாள். வண்டி தன் சொந்த பலத்தில் வீடு சேரவேண்டும் என்றுதான் விதி இருக்கிறது, ஓட்டியவன் ஒரே ஆளாக இருக்கவேண்டும் என்று எங்குமே இல்லையாம். கிரிஸ்பின், “டிராக்குல நான், வீட்டுக்குக் கொண்டு வந்தது அவன், ரெண்டு பேரையும் போடுங்க” என்றான். குளத்தைப் பற்றி அவள் கேட்டதற்கு, “பாசி வழுக்கிடுச்சு” என்று சொல்லிவிட்டான். நீயும் யாராவது கேட்டால் பாசி என்றே சொல். அப்புறம் கொட்டகைக்குப் பின்னால் என்னைக் கூட்டிப்போய், பந்தயத்துக்கு முன் வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு தடவை வாந்தி எடுத்ததாகச் சொன்னான். டிராக் என்றாலே பயமாம், மாமா கேட்டதால் மறுக்கத் தைரியமில்லையாம். ரோடு பிடித்திருக்கிறதாம், ஜனங்கள் கையாட்டுவது பிடித்திருக்கிறதாம். மாமாவிடம் போய் அவனே சொல்லிவிட்டான். மாமா ஐந்து நிமிடம் டீயைக் கலக்கிவிட்டு, “அக்டோபர்ல சங்கத்துல இதே மாதிரி இன்னொரு பந்தயம் வருதில்ல, அதுல டிராக்குல மறை கழண்டவன். ரோட்டுல டாக்டரு. விதியில தப்பில்லேல்ல?” என்றார். எனக்கு அக்கா! டிராக்! எட்டுச் சுற்று! எனவே தயவுசெய்து அவனோடு சண்டை கிண்டை போட்டுவிடாதே. போடுவதாக இருந்தாலும் அக்டோபர் முடிந்ததும் போடு.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று முடிக்கத்தான் உட்கார்ந்தேன். இப்போது வெளியே கொட்டகையில் மாமாவின் சத்தம். “டேய் மறை கழண்டவனே!” என்று. பேனாவை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன், வழக்கம்போல. பிறகுதான் தெரிந்தது, என்னை இல்லை. கிரிஸ்பின் ராத்திரி பெட்ரோல் குழாயை மூடாமல் விட்டுவிட்டானாம், தரையெல்லாம் பெட்ரோல். ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். மாமா ‘தம்பி’யையும் ‘வாங்க’வையும் தூக்கி எறிந்துவிட்டு, ‘வாடா போடா’ என்று அவன் மூக்குக்கு நேரே ஊன்றுகோலை ஆட்டுகிறார். வாஷர் இல்லாத போல்ட்டாம். அது என்னுடையது அக்கா! மூன்று வருடமாக எனக்கு மட்டும் உள்ளது! அந்தப் பயல் காதுவரை சிரித்துக்கொண்டு நிற்கிறான், இன்றைக்குத்தான் இந்த வீட்டில் பொண்ணையே கொடுத்துவிட்ட மாதிரி. இதோ, மாமா எழுபத்து நான்காம் வருட மழைக்கு வந்துவிட்டார். என்னால் இதைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியாது, நான் போகவேண்டும், உடனே போய் அந்தக் கொட்டகையில் எதையாவது உடைத்தாகவேண்டும்